மாற்றி வைத்த முட்டை

தொண்ணூற்றேழாம் ஆண்டு, கோடை தொடங்குவதற்குச் சற்று முன், கனடாவின் ஸ்காபரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கு ஒரு கூத்து நடக்கும். ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி பூட்டிப் பெட்டியில் அடுக்கிவிட்டு வருகிற பெண்கள், சாப்பாட்டைத் திறப்பதற்கு முன் கைப்பையிலிருந்து ஆளுக்கொரு பிளாஸ்டிக் முட்டையை வெளியே எடுப்பார்கள். பிலிப்பைன்ஸ்காரி, கயானாக்காரி, இரண்டு சீனப் பெண்கள், யாழ்ப்பாணத்தார் நாங்கள் மூன்று பேர். தங்கள் வயிற்றுக்கு ஒரு வாய் போடுவதற்கு முன் எல்லோரும் முட்டைக்குச் சோறு கொடுத்தோம்.

அதற்கு வாயில் நுழையாத யப்பான் பெயர் ஒன்று இருந்தது. நாங்கள் முட்டை என்றே சொன்னோம். கோழி முட்டையைவிடக் கொஞ்சம் சின்னது. நடுவில் முத்திரை அளவில் ஒரு கண்ணாடி, அதன் கீழே மூன்று பொத்தான்கள். கண்ணாடிக்குள் கறுப்புப் புள்ளிகளால் செய்த ஒரு குட்டி. அதற்குப் பசிக்கும், காய்ச்சல் வரும், அது இருந்த இடத்திலேயே அசிங்கம் பண்ணும். எல்லாவற்றுக்கும் கீச்சுக் கீச்சென்று கத்தும். ஒரு நாள் போனால் அதற்கு ஒரு வயது கூடும். கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும்.

பிள்ளைகள் இதை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பாடத்தைக் கெடுத்ததால் பள்ளிக்கூடங்கள் தடை போட்டுவிட்டன. பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள், வீட்டில் விட்டால் செத்துவிடும், அப்போது யார் தலையில் விழும்? அம்மாமாரின் தலையில்தான். மல்வேர்னிலிருந்து பஸ் ஏறி வருகிற அக்கா ஒருவர் எங்கள் மேசையில் இருந்தார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அவர் பகிடி பண்ணிக்கொண்டிருப்பார். “பெத்ததுகளைப் பாக்க நேரமில்லாமல் வேலைக்கு வாறம், வந்து உதுகளுக்குச் சோறு தீத்திறம். யப்பான்காரன் உலகத்தையே ஆயா வேலைக்கு எடுத்துப்போட்டான்.” எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். ஆனால் என் முட்டையை நான் மேசையில் வைத்ததில்லை, மடியில்தான் வைத்திருப்பேன்.

எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் என்னிடம் வந்து சேர்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. நாலு வயதில் அவளை யாழ்ப்பாணத்தில் என் தங்கையிடம் விட்டுவிட்டு நான் புறப்பட்டேன். அவளுடைய அப்பா இல்லாமல் போனது வேறு கதை, அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆறு மாதத்தில் கூப்பிடுவேன் என்று தங்கையிடம் சொன்னேன். அது நாலு வருடமானது. அந்த நாலு வருடமும் என் மனதில் அவளுக்கு நாலு வயதுதான். தங்கையின் பிள்ளைகள் தங்கையை அம்மா என்று கூப்பிட, இவளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள்.

அவளைக் கூப்பிடப் போட்ட காகிதங்கள் நகராததைக் கண்டு, கடைசியில் எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். ஏஜென்சிக்காரர் ஒருவர் கொழும்பில் ஒரு பெண்ணைப் பிடித்தார். கனடா பாஸ்போட் உள்ளவள். அவளுடைய மகளின் பாஸ்போட்டில் என் மகள் வர வேண்டும். எங்கள் சனத்துக்கு இது புதினமில்லை. தலை மாற்றுவது என்று சாதாரணமாகச் சொல்வோம், தலையணை உறை மாற்றுவதுபோல. முகம் கொஞ்சம் ஒத்துப்போனால் போதும் என்பார்கள். பாஸ்போட்டில் இருந்த பிள்ளைக்கு ஆறு வயது, நெற்றியில் வெட்டிய கட்டை மயிர். என் மகளுக்கு எட்டு வயது, இரட்டைப் பின்னல். அவள் எலும்பும் தோலுமாக இருந்ததால் ஆறு வயதாகக் காட்டலாம் என்றார் ஏஜென்சிக்காரர். நான் ஓம் என்றேன்.

அவள் வந்து இறங்கிய நாளை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. விமான நிலையத்தில் கதவு திறக்கத் திறக்க நான் எட்டி எட்டிப் பார்த்தேன். தங்கை அனுப்பிய கடைசிப் படம் என் கைப்பையில் இருந்தது. றிபன் கட்டிய இரண்டு பின்னல். அப்படி இரண்டு பின்னலோடு ஒரு சிறுமி வெளியே வந்தாள். நான் கையை விரித்துக்கொண்டு ஓடினேன். அந்தப் பிள்ளை மிரண்டு தன் தாய்க்குப் பின்னால் ஒளிந்தது. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பியபோது, பக்கத்தில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தபடி, கட்டை மயிரும் ரோஸ் நிற ஜக்கற்றுமாக ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்தான் என்னைப் பார்த்து, “இவதான் உங்கட மகள்” என்றாள். பிள்ளை அந்தப் பெண்ணின் கையை விடவில்லை. என்னை அன்ரி என்றாள்.

பிறகு அன்ரி என்பதையும் விட்டாள். அகதி விசாரணை, சட்டத்தரணி, பள்ளிக்கூடப் பதிவு என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் மட்டும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதும் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். மாதத்துக்கு ஒருமுறை தங்கையோடு ரெலிபோனில் கதைப்பாள். அப்போது “அம்மா, அம்மா” என்று வாய் ஓயாது. நான் குசினிக்குள் நின்று சட்டி கழுவுவேன். என் கூடப்பிறந்தவள் மீது, என் பிள்ளையை உயிரோடு காப்பாற்றித் தந்தவள் மீது எனக்கு எரிச்சல் வந்தது. அதை நினைத்து வெட்கமும் வந்தது. இரண்டும் போகவில்லை.

அவளை வளர்த்தது ரீவி. சனிக்கிழமை காலையில் நான் அலுவலகங்கள் துடைக்கிற இரண்டாவது வேலைக்குப் போய்விடுவேன். அவள் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு இருந்து கார்ட்டூன் பார்ப்பாள். பெரிய கண்ணும் நிறம் நிறமான மயிருமாகப் பெண்பிள்ளைகள் உலகத்தைக் காப்பாற்றுகிற கார்ட்டூன். அமெரிக்கக் குரலில் கதைப்பார்கள், பின்னால் தெரிகிற கடைப் பலகைகளில் வேறு எழுத்து இருக்கும். அது யப்பானிலிருந்து வருவது என்று அந்தக் கட்டடத்தில் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சோமாலியப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, யமேக்காப் பிள்ளை என்று எல்லாம் கீழே புல்லில் நின்று ஒரே மாதிரிக் கையைச் சுழற்றி ஒரே வசனத்தைச் சொல்லும். மகளின் ஆங்கிலம் அங்கேயிருந்துதான் வந்தது. என்னோடு கதைக்காத பிள்ளை சுவரைப் பார்த்து அந்த வசனங்களைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

யப்பான் என்றால் எங்களுக்கு வேறு ஒன்று. எங்கள் வீட்டில் தையல் மெசின் யப்பான், றேடியோ யப்பான், மாமாவின் மோட்டார் சைக்கிள் யப்பான். விழுந்தாலும் உடையாது, இடம்பெயர்ந்து தூக்கிக்கொண்டு ஓடினாலும் வேலை செய்யும். யப்பான் சாமான் என்றால் சாகாத சாமான். அதே நாட்டுக்காரர் இப்போது, சாவதற்கென்றே ஒரு சாமானைச் செய்து உலகம் முழுவதும் விற்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. எந்தப் பிள்ளையும் தன்னை நம்பி ஒரு உயிர் இருக்க ஆசைப்படும் என்பதை அங்கே யாரோ மேசையில் இருந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கெட்டிக்காரர். எனக்கு அவர்கள் மேல் கோபமும் வந்தது.

அந்த முட்டைதான் மகள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். மூன்று கடை ஏறி இறங்கி, மஞ்சள் நிறத்தில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் தடை போட்டதும், ஒரு பின்னேரம் அதை என்னிடம் நீட்டினாள். நீட்டிய கையை உடனே விடவில்லை.

“நீங்கள் பாப்பீங்களோ?”

“பாக்கிறன்.”

“வேலையிலை மறந்து போடுவீங்களோ?”

“மறக்கமாட்டன் பிள்ளை.”

அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். எந்தப் படம் சோறு, எது மருந்து, எது விளக்கு. பசியில்லாமல் சும்மா கத்தினால் ஏச வேண்டும், அதற்கும் ஒரு பொத்தான். நான் ஏசமாட்டேன் என்றேன். “ஏசாட்டி அது பழுதாப் போம்,” என்றாள் கண்டிப்பாக. நேரம் அதிகம் இல்லையென்றால் அதற்குள் இருக்கிற மணிக்கூட்டைத் திருத்துவதுபோல் திறந்து நிற்பாட்டி விடலாம், அப்போது அது சாப்பிடவும் தேவையில்லை, வளரவும் மாட்டாது என்று ஒரு தந்திரமும் சொல்லித் தந்தாள். ஆனால் அது கள்ள விளையாட்டு, கடைசி அவசரத்துக்கு மட்டும்தான் என்றாள்.

காலையில் நான் புறப்படும்போது அவள் நித்திரை. பிரிட்ஜுக்கு மேல் இருக்கிற முட்டையை எடுத்துக்கொண்டு போவேன். பின்னேரம் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ஓடிவருவாள். முட்டைக்காகத்தான் ஓடிவந்தாள், எனக்குத் தெரியும். தெரிந்தும், பஸ்ஸில் வரும்போதே அந்த ஓட்டத்தை நினைத்துச் சிரிப்பேன். “எத்தினை தரம் சாப்பிட்டது? அழுததோ?” என்று கேட்பாள். ஒரு நாள் முழுக்க நடந்ததை நான் சொல்ல, பக்கத்தில் இருந்து கேட்பாள். ஒன்றரை வருடத்தில் நாங்கள் அவ்வளவு கதைத்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருப்பவள் பிலிப்பைன்ஸ்காரி. அவளுடைய முட்டையும் மஞ்சள்தான். சீனக் கடைத் தொகுதியில் வாங்கியது, நேரே யப்பானிலிருந்து வந்தது. எங்களுடையது இந்த நாட்டுப் பிள்ளைகளுக்காகத் திருத்திச் செய்தது. ஒருநாள் அவள்தான் வித்தியாசத்தைச் சொன்னாள். எங்கள் முட்டையில் குட்டி செத்தால் சிறகு முளைத்து வானத்துக்குப் பறந்துவிடும். அவளுடையதில் ஒரு கல்லறையும், அதற்குப் பக்கத்தில் ஒரு ஆவியும் வரும். இந்த நாட்டுப் பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்று சாவைக்கூட மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. பெரிய ஓடர் ஒன்று முடிக்க வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் வந்து, இனி லைனில் எந்தப் பொம்மையையும் காணக்கூடாது, லொக்கரில் வையுங்கள் என்றார். வைத்தேன். மணிக்கூட்டை நிற்பாட்டிவிட்டு வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் மறந்துபோனேன். மதியம் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மதியம் கதிரையில் இருந்தவள், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மேசையில் தலையைக் கவிழ்த்து நித்திரையாகிவிட்டேன். அக்காதான் தட்டி எழுப்பினார், மணி அடித்துவிட்டது. ஓடிப்போய் லைனில் நின்றேன். மூன்றரைக்கு லொக்கரைத் திறந்தபோது கண்ணாடிக்குள் சிறகு முளைத்த ஒன்று நட்சத்திரங்களுக்கு நடுவில் இருந்தது. அதன் முகத்தில் கவலை ஒன்றும் இல்லை.

முட்டையைத் தட்டினேன், உலுக்கினேன். ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவா என்று யாரும் கேட்கலாம். மறக்கமாட்டேன் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நான் மறந்தது அது இரண்டாம் தடவை. அவளைத் தங்கையிடம் விட்டுவந்த அந்த முதல் தடவை நான் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

பிலிப்பைன்ஸ்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, முட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து என் கையில் வைத்தாள். தன் மகளுக்கு அது அலுத்துப்போய்விட்டது, தான்தான் பாவம் பார்த்து வளர்ப்பதாகச் சொல்லி, கொண்டுபோ என்றாள். அதே மஞ்சள். உள்ளே இருந்த குட்டியும் அதே வகை, வட்டத் தலையும் இரண்டு காலும். நான் யோசிக்கவே இல்லை. முகம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தேன். சங்கிலியைக் கழற்றி மாற்றிப் பூட்டினேன். செத்ததைக் கைப்பையின் உள்ளே சிப் வைத்த சின்னப் பைக்குள் போட்டேன்.

அன்றைக்கும் அவள் ஓடிவந்தாள். முட்டையை வாங்கி, பொத்தான்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தாள். ஒரு பொத்தானில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

“சாப்பிட்டதோ?”

“நாலு தரம்.”

“அழுததோ?”

“இல்லைப் பிள்ளை. நல்ல பிள்ளையா இருந்தது.”

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்று இடியப்பத்துக்கு அவளுக்குப் பிடித்த முட்டைச் சொதி வைத்தேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அவள் கதவுக்கு ஓடிவரவில்லை. களைப்பாக்கும் என்று நினைத்தேன். முட்டையை மட்டும் முன்னையைவிடக் கவனமாகப் பார்த்தாள். ஒரு நேரம் தப்பாமல் சாப்பாடு, அசிங்கம் பண்ணினால் உடனே துப்புரவு. இரவு படுக்கப் போகுமுன் பிரிட்ஜின் மேல் வைக்கும்போது அதற்குக் கீழே மடித்த துவாய் ஒன்றும் வைத்தாள். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நானாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பாள், விருந்துக்குப் போன வீட்டில் இருப்பதுபோல.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

“செத்திட்டுது,” என்றாள்.

கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். கண்ணாடிக்குள் ஒரு கல்லறை. பக்கத்தில் ஆவி.

“வயசு போய்த்தான் செத்தது. நான் எல்லாம் குடுத்தனான்,” என்றாள். “எங்கட முட்டையெண்டால் சிறகு முளைச்சு மேலை போகும். இது எங்கட இல்லை.”

“உனக்கு எப்ப தெரியும்?” என்றேன்.

“அண்டைக்கே. எங்கடைக்குப் பதினாலு வயசு வரோணும். இதுக்குப் பன்ரெண்டு. பக்கத்திலை யப்பான் எழுத்து.”

“பிறகேன் பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை?”

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். தெரிந்த விசயத்தைக் கேட்கிறேன் என்பதுபோல. “மாத்தினால் சொல்லக்கூடாதுதானே. பிளேனிலை ஆர் கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது, திறந்தால் கனடாவிலை உங்களைப் பொலிஸ் பிடிக்கும் எண்டு அந்த மாமா சொன்னவர்.” ஏஜென்சிக்காரரைத்தான் மாமா என்றாள். என் கையில் இருந்த முட்டையைக் காட்டி, “இதுக்கும் தெரிஞ்சிருக்கும், நான் இதின்ரை ஆள் இல்லையெண்டு. எண்டாலும் நான் குடுத்ததைச் சாப்பிட்டது,” என்றாள்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இவள் என் வீட்டில் ஒன்றரை வருடமாகச் சாப்பிட்ட ஒவ்வொரு கோப்பைச் சோறும் எனக்கு நினைவு வந்தது. ஒருநாளும் இன்னொரு அகப்பை கேட்டதில்லை.

கைப்பையை எடுத்து, சிப்பைத் திறந்து, எங்கள் முட்டையை அவள் கையில் வைத்தேன். “நான் மத்தியானம் நித்திரையாப் போனன். அதாலைதான் செத்தது. உனக்குச் சொல்லப் பயந்து மாத்தினன். பிழை என்ரைதான்.”

அவள் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபிப்பாள், அழுவாள் என்று இருந்தேன். அவள் வேறு ஒன்று கேட்டாள்.

“எனக்குப் பதிலா வேற பிள்ளையை அனுப்பியிருந்தால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ?”

பெற்ற வயிற்றுக்குத் தெரியாதோ என்று சொல்வது லேசு. எந்தத் தாயும் அதைத்தான் சொல்லுவாள், எனக்கும் அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த நாள் விமான நிலையத்தில் அவள் எனக்கு ஐந்து அடி தூரத்தில் நின்றாள்.

“உடனை தெரிஞ்சிருக்காது,” என்றேன். “நான் வேற ஒரு பிள்ளையிட்டைத்தான் ஓடினனான்.”

“கண்டனான்,” என்றாள்.

“அதுக்கு ரெண்டு பின்னல். நான் உன்ரை படத்தை வைச்சுக்கொண்டு பின்னலைத்தான் தேடினன்.”

அவள் தன் கட்டை மயிரைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். வந்த நாளிலிருந்து அதை அவள் வளரவிடவில்லை. வளர்ந்தால் தானே கத்தரிக்கோலைக் கொண்டுவந்து தருவாள். பாஸ்போட்டில் இருந்த பிள்ளையைப் போலவே இருந்தால்தான் தன்னை இங்கே வைத்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். அந்த இடத்தில்தான் எனக்கு அது விளங்கியது.

“தலைமயிர் வெட்டேக்கை நான் அழுதனான்,” என்றாள். “வெட்டினால் உங்களுக்கு என்னைத் தெரியாமல் போகும் எண்டு சொன்னனான். அந்த மாமா சொன்னவர், அழாதை, அம்மாக்கு உன்னைத் தெரியும் எண்டு.”

என்னைக் குறித்து அந்தச் சொல் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் இன்னொருவர் சொன்னதாகத்தான் வந்தது. நான் எழும்பி, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த அரிசியைத் திரும்பவும் கழுவத் தொடங்கினேன்.